மனுவுக்கு முன் சாலையை அளந்து பாருங்கள்

கேள்வி: தென்சென்னையில், 1970களில் மனை பிரிக்கப்பட்ட நகர் ஒன்றின் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் நான். எங்கள் தெருவில் 4 கிரவுண்டு மனையில் இருந்த பழைய பங்களாவை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில், தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளமான ஸ்டில்ட்டும் ஐந்து தளங்களுமாக 16 வீடுகள் வரப்போகின்றன. தெருவோ 30 அடிதான். கோடையில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கிறோம். மழைக்காலத்தில் மேன்ஹோல் வழியாகச் சாக்கடை பொங்குகிறது. இதற்கிடையில், தெருமுனையில் பூட்டிக்கிடக்கும் மாநகராட்சிக் கட்டடத்தை வீடற்ற பெண்களுக்கான இரவுக் காப்பகமாக மாற்றப்போவதாகவும் சொல்கிறார்கள். இரண்டையும் தடுத்து நிறுத்தக் கோரி 140 கையெழுத்துகளுடன் மனு தயாரித்திருக்கிறோம், நகலை இணைத்துள்ளேன். இதை யாரிடம் கொடுத்தால் பலன் கிடைக்கும்?

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தையும் மனுவின் நகலையும் இருமுறை படித்தேன். நகரமைப்புப் பணியில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட மனுக்களை வாங்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு மனு எழுதுபவர்களின் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்: இந்த மனுவை இப்போதுள்ள வடிவில் யாரிடமும் கொடுக்காதீர்கள். அதில் பதினொரு குறைகளை வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். ஓர் அதிகாரி சட்டப்படி கையில் எடுக்கக்கூடியவை அவற்றில் நான்குதான். மற்ற ஏழும் அந்த நான்கையும் சேர்த்து மூழ்கடித்துவிடும். மனுவைப் புரட்டுகிறவர் முதல் பக்கத்திலேயே "எங்கள் பகுதியின் அமைதியும் தரமும் கெடும்" என்ற வரியைப் பார்த்தால், இது யாரும் வரக்கூடாது என்பவர்களின் மனு என்று முடிவுகட்டிக் கோப்பை மூடிவிடுவார். நான்காம் பக்கத்தில் நீங்கள் எழுதியிருக்கும் சாக்கடைப் பிரச்சினை உண்மையிலேயே தீவிரமானது. அது அவர் கண்ணுக்குப் படவே படாது.

16 வீடுகள் என்ற எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். இது பில்டரின் பேராசைக் கணக்கு என்று மனுவில் எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அது விதியின் கணக்கு. 4 கிரவுண்டு என்றால் 9,600 சதுர அடி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 18.30 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட கட்டடங்களுக்குத் மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது நாம் எஃப்.எஸ்.ஐ. என்று சொல்வதை, 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. முன்பு அந்த மனையில் 14,400 சதுர அடி கட்டலாம். இப்போது 19,200 சதுர அடி கட்டலாம். கார் நிறுத்தும் ஸ்டில்ட் இந்தக் கணக்கில் சேராது. 19,200-ஐ 16-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 1,200 சதுர அடி வருகிறது. ஆகவே, வரைபடம் விதிக்குள் இருக்குமானால், "இத்தனை வீடுகள் கூடாது" என்று நீங்கள் சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. விதியை மாற்றக் கோரலாம். அது வேறு மேடை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வரைபடம் உண்மையிலேயே விதிக்குள் இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முதலில் தேவைப்படுவது ஓர் அளவு நாடா.

பல ஆண்டுகளுக்கு முன் மேற்குப் புறநகர் ஒன்றில் இதேபோன்ற ஒரு மனுவுக்காக என்னை அழைத்திருந்தார்கள். கையெழுத்துகள் உங்களுடையதைவிட அதிகம். அதிகாரிகளை மூன்று முறை பார்த்தும் ஒன்றும் நகரவில்லை. நில அளவைத் துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அந்தத் தெருவில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டிகள் நடமாடத் தொடங்குமுன் காலை ஆறு மணிக்கு, அவரும் நானும் முப்பது மீட்டர் நாடாவைப் பிடித்துக்கொண்டு பிரதான சாலையிலிருந்து அந்த மனைவரை பத்தடிக்கு ஒருமுறை, மதிலிலிருந்து மதில்வரை அளந்துகொண்டே போனோம். அவர் ஒரு கோடுபோட்ட நோட்டில், ஒவ்வோர் அளவுக்கு எதிரிலும் அருகிலிருந்த மின்கம்பத்தின் எண்ணையும் குறித்துக்கொண்டார். வரைபடத்தில் 9 மீட்டர் என்று காட்டப்பட்டிருந்த சாலை, நடுவில் ஓரிடத்தில் 7.8 மீட்டராகச் சுருங்கியிருந்தது. சாலை அகலத்தை வைத்துத்தான் கட்டடத்தின் உயரம், வீடுகளின் எண்ணிக்கை, முன்புறம் விட வேண்டிய இடம் எல்லாமே தீர்மானமாகின்றன. அந்த நோட்டின் இரண்டு பக்க நகலை இணைத்துக் கொடுத்த மனுவுக்குப் பதினைந்து நாளில் ஆய்வுக்கு ஆள் வந்தார். கட்டடம் நின்றுவிடவில்லை, ஆனால் ஒரு தளம் குறைந்தது.

உங்கள் தெரு 30 அடி என்கிறீர்கள். அது 9 மீட்டரைவிடச் சற்றே கூடுதல். 9 மீட்டர் இந்த விதிகளில் முக்கியமான எல்லைக்கோடு. எனவே சில அங்குலங்கள்கூட உங்களுக்குப் பொருட்டு. அளக்கும்போது உங்களுக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில், பல வீடுகளின் கார் ஏற்றும் சரிவும், வாசற்படியும், செடித்தொட்டிகளைச் சுற்றிய கம்பி வேலியும் சாலைக்குள் நிற்பது தெரிகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் காட்டுவார். சங்கம் கூடிப் பேசி அவற்றை அகற்றிவிட்டு மனுவுடன் போனால், உங்கள் சொல்லுக்கு இருக்கும் எடையே வேறு.

இரண்டாவதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். இத்தனை வீடுகள் உள்ள கட்டடத்துக்குத் திட்ட அனுமதி தருவது சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்; கட்டட அனுமதி மாநகராட்சியிடமிருந்து வரும். அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகல், அனுமதி ஆணையில் விதிக்கப்பட்ட நிபந்தனைகள், சாலை அகலத்துக்கு ஆதாரமாக ஏற்கப்பட்ட ஆவணம், குடிநீர் மற்றும் கழிவுநீர் குறித்துக் கோப்பில் உள்ள கடிதங்கள் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்" என்று கேட்காதீர்கள். ஏன் என்பது அந்தச் சட்டத்தின்படி தகவல் ஆகாது என்று பதில் வந்துவிடும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கான காலக்கெடு 30 நாள். அதற்கும் முன்பாக, மனையின் வாசலில் அனுமதி விவரங்களுடன் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுமானக் காலம் முழுவதும் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைக் களத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான வழிகாட்டுதலாகவே சொல்லியிருக்கிறது.

அடுத்து தண்ணீர். உங்கள் மனுவின் மிக வலுவான பகுதி இதுதான், ஆனால் "தண்ணீர்ப் பஞ்சம் வரும்" என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிட்டீர்கள். கணக்கைப் போடுங்கள். 16 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 64 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. மொத்தம் 8,640 லிட்டர், அதாவது 9,000 லிட்டர் லாரி ஒன்று தினமும். அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, சுமார் 6,900 லிட்டர், கழிவுநீராக உங்கள் தெருக் குழாய்க்குள்தான் இறங்கும். அந்தக் குழாய் எத்தனை அங்குலம், எந்த ஆண்டு போட்டது, எந்தெந்த மழையில் எந்த மேன்ஹோல் பொங்கியது என்பதைத் தேதியோடும் படத்தோடும் எழுதிக் குடிநீர் வாரியத்தின் பகுதிப் பொறியாளரிடம் தனி மனுவாகக் கொடுங்கள். குழாயைப் பெரிதாக்கித் தாருங்கள், அது முடிந்த பிறகு இந்தக் கட்டடத்துக்கு இணைப்புக் கொடுங்கள் என்று கேளுங்கள். இந்தக் கோரிக்கையை எந்தப் பொறியாளராலும் எளிதில் தள்ளிவிட முடியாது. அதன் பலன் புதிதாக வருகிற 16 குடும்பங்களுக்கு மட்டுமல்ல, இன்று முழங்கால் சாக்கடையில் நிற்கிற உங்களுக்கும்தான். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். புதிய கட்டடத்தில் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் கிணறு முறையாகத் தோண்டுகிறார்களா என்று பார்ப்பதோடு, உங்கள் வீடுகளில் அந்தக் குழாய்கள் இன்று அடைபடாமல் வேலைசெய்கின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு நகரமே குடத்தோடு நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

அண்டை வீட்டுச் சுவர் விரிசல் பற்றிய அச்சம் நியாயமானது. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த பிறகு, கட்டடத்தின் உறுதியைப் பற்றிக் கேட்பதை யாரும் வீண்பயம் என்று சொல்ல முடியாது. மண் ஆய்வு அறிக்கையையும், வடிவமைத்த கட்டமைப்புப் பொறியாளரின் சான்றையும் கேளுங்கள். அஸ்திவாரத்துக்காக ஆழத்தில் தூண் இறக்கும் பைலிங் இயந்திரம் வருவதற்கு முன்பே இருபுறத்து வீடுகளின் சுவர், தளம், சம்ப், மதில் அனைத்தையும் தேதி தெரியும்படி படமெடுத்து, பில்டரின் பொறியாளரையும் கையெழுத்திடச் செய்யுங்கள். ஏற்கெனவே விரிசல் உள்ள இடத்தில், அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்ட் வைத்து இரு முனையிலும் ஒட்டி, தேதியை எழுதிவையுங்கள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நகராவிட்டால் முழுசாக இருக்கும். அஸ்திவாரம் போட்டு முடித்த பின்பு "இந்த விரிசல் பழையதா புதியதா" என்று சண்டை போடுகிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு ரூபாய்க் கண்ணாடி அந்தச் சண்டையை மிச்சப்படுத்தும். வேலை நேரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை ஒலி வரம்பு 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. கான்கிரீட் கலவை வண்டி அதற்குள் அடங்கவே அடங்காது.

வெளிச்சம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சன்னல் வழியாக வரும் வெளிச்சத்தையும் காற்றையும் 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்தவர்களுக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் ஓர் உரிமையைத் தருகிறது. ஆனால் கணிசமான பாதிப்பு என்று நிரூபித்தால்தான் அது நிற்கும். மாடியிலிருந்து தெரிந்த வானமும் தோப்பும் மறைகின்றன என்பதற்கு எந்த உரிமையும் இல்லை. வருத்தம் எனக்கும் புரிகிறது. இருந்தாலும் அதை மனுவில் எழுத வேண்டாம். தெருவோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டும் வேறு கதை. அவை பொதுச் சொத்து. மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது என்பதை அந்தக் குழுவுக்கும் மாநகராட்சிக்கும் முன்கூட்டியே நினைவூட்டுங்கள்.

இனி, எடுத்துவிட வேண்டியவை. மனுவின் ஏழாம், எட்டாம் பத்திகளில், வாடகைக்கு வருகிறவர்கள் கூடுவார்கள், பேச்சிலர்கள் வருவார்கள், "பழக்கவழக்கம் வேறானவர்கள்" வருவார்கள், மனை மதிப்பு குறையும் என்று எழுதியிருக்கிறீர்கள். இவற்றை அடித்துவிடுங்கள். சட்டத்தில் நிற்காது என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. இவை எழுதத் தகாத வரிகள். "பழக்கவழக்கம்" என்ற சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பது எழுதியவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். நீங்களே 1998-இல், ஒரு தனி வீட்டை இடித்துக் கட்டிய எட்டு வீட்டு அடுக்ககத்தில் வாங்கி வந்ததாகக் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அன்று இந்தத் தெருவில் இருந்தவர்களும் தண்ணீரைப் பற்றியும் வண்டிகளைப் பற்றியும் கவலைப்பட்டிருப்பார்கள். அவர்கள் உங்களைத் தடுத்திருந்தால், உங்கள் பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குப் போயிருக்க முடியாது.

சென்னையில் யாருடைய நகரும் ஆதியிலிருந்து இருந்ததில்லை. தியாகராய நகர், 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்தது. ஏரியைத் தூர்த்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தத் தவறின் விலையை ஒவ்வொரு பெருமழையிலும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் நகருக்குள், பேருந்தும் பள்ளியும் மருத்துவமனையும் குழாயும் ஏற்கெனவே இருக்கும் தெருக்களில் கூடுதல் வீடுகளுக்கு இடம் தராவிட்டால், அந்த வீடுகள் வேறெங்கோ எழத்தான் செய்யும். எழுந்தும் இருக்கின்றன: பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றியும், ஏரிகளின் வெள்ளப் பரப்பிலும். 2015 டிசம்பரில் அந்த இடங்கள் பலவற்றில் முதல் தளம்வரை தண்ணீர் ஏறியது. ஏழைகளின் கதை இன்னும் கொடுமை. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அங்கிருந்து வீட்டுவேலைக்கு அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் வருகிற பெண்கள் விடியுமுன் பேருந்துக்கு நிற்கிறார்கள். உங்கள் தெருவில் வரப்போகும் வீடுகள் அவர்கள் வாங்கக்கூடியவை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நகருக்குள் வீடு கூடுவதை ஒவ்வொரு தெருவும் தடுத்துக்கொண்டே போனால், விளிம்புக்குத் தள்ளப்படுகிறவர்களின் வரிசையும் நீண்டுகொண்டே போகும்.

எதிர்த்து நிற்க வேண்டிய கட்டடங்கள் இருக்கின்றன. நீர்நிலைப் புறம்போக்கில் எழுவது, 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணை போன்ற சதுப்பை நெருக்குவது, பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை விழுங்குவது. அங்கே சமரசம் பேசக்கூடாது. வருவாய்த் துறையின் நில ஆவணங்களான அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு கடைசிவரை போராட வேண்டும். பெரிய திட்டங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. ஆனால் 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்களித்துவிட்டது. அதனால் கூட்டம் நடக்கும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். உங்கள் தெருவின் 16 வீடுகள் இந்த வகை எதிலும் வரவில்லை.

இப்போது காப்பகம். கடிதத்தில் இதைப் பற்றி இரண்டே வரி. மனுவில் ஒரு முழுப் பக்கம். "குடும்பங்கள் வாழும் தெருவில் இப்படிப்பட்டவர்களைத் தங்கவைப்பதா" என்று கேட்டிருக்கிறீர்கள். நகர்ப்புறத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் வலியுறுத்தியது. அந்த அளவுக்கு நம் நகரம் இடம் தேடியாக வேண்டும். இப்படிப்பட்ட ஒரு காப்பகத்தில் நான் ஓர் இரவு எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். சுவரோரம் வரிசையாகப் பாய்கள்; ஒவ்வொரு பாயின் தலைமாட்டிலும் ஒரு பை. ஒருத்தி மறுநாள் விற்க மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு அம்மா ரேஷன் கார்டையும் ஆதாரையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அதைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தார். அதைத் தலைமாட்டில் வைத்தால் என்ன என்று கேட்டேன். "தெருவில் படுத்த பழக்கம் சார்" என்றார். உங்கள் தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் இரவில் சிலர் படுக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் ஏற்கெனவே உங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். காப்பகம் வந்தால் அவர்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு கிடைக்கும்.

ஆகவே அந்தப் பக்கத்தை முழுவதுமாக மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக, காப்பகம் ஒழுங்காக நடக்கும்படி கேளுங்கள்: இரவில் பெண் காப்பாளர், போதுமான கழிவறைகள், சாக்கடை இணைப்பு, வாசலில் விளக்கு, நிர்வாகக் குழுவில் தெருவாசிகள் ஒருவருக்கு இடம். இதை வார்டு கவுன்சிலரிடமும், 2022-இல் விதிகள் வந்தபிறகு வார்டுதோறும் அமைக்கப்படும் பகுதி சபைக் கூட்டத்திலும் சொல்லலாம்.

கட்டடத்தைப் பற்றிய மனுக்களில் காலம் முக்கியம். வரைபடத்தை மீறிக் கட்டுகிறார்கள் என்று தெரிந்தால், 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளின்கீழ் நடவடிக்கை கோரி அன்றே எழுதுங்கள். தளம் எழும்பிச் சீல் வைக்கும் கட்டம் வந்துவிட்டால், உரிமையாளர் 80-ஏ பிரிவின்கீழ் அரசிடம் மனுச் செய்வார். அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதற்குள் ஆட்கள் குடிவந்துவிடுவார்கள். பிறகு அவர்களை வெளியேற்ற யாருக்கும் மனம் வராது. நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் தரக்கூடாது என்பதையும் அந்தந்த அலுவலகங்களுக்கு முன்கூட்டியே எழுதிவையுங்கள். எழுதியும் நடவடிக்கை இல்லையென்றால், எழுதிய தேதிகளும் ஒப்புகைச் சீட்டுகளும்தான் உயர் நீதிமன்றத்தில் உங்களுக்குத் துணை.

விதியையே மாற்ற வேண்டும், 30 அடிச் சாலையில் இத்தனை உயரம் கூடாது என்று நீங்கள் உண்மையாக நம்பினால், அதற்கான மேடை, சென்னைப் பெருநகரின் வளர்ச்சிக்கான நீண்டகாலத் திட்டமான பெருந்திட்டம். 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் பெருந்திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. மூன்றாம் பெருந்திட்டத்துக்கான வேலை நடக்கிறது. வரைவு வெளியாகும்போது ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் சட்டப்படி கேட்கப்படும். தன் தெருவில் கட்டடம் எழும்போது 140 பேர் கையெழுத்திடுகிறார்கள். நகரம் முழுவதற்குமான திட்டம் மேசையில் இருக்கும்போது ஒரு சங்கத்திலிருந்து ஒருவர் வந்தாலே அதிகம். என் பணிக்காலம் முழுவதும் என்னை உறுத்திய விஷயம் இது.

இந்த ஞாயிறு காலை நாடாவை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். கூடவே எதிர்வீட்டு இளைஞர் ஒருவரையும் படமெடுக்க அழைத்துக்கொள்ளுங்கள். பைலிங் தொடங்க இன்னும் மூன்று வாரம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்குள் பில்டரின் பொறியாளரை ஒருமுறை சங்கத்துக்குத் தேநீருக்கு அழைத்து, சுவர்ப் படங்களையும் வேலை நேரத்தையும் பேசி எழுதி வாங்கிவிடலாம். வரைபட நகல் கைக்கு வந்ததும் உங்கள் அளவுகளோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, புதிய மனுவில் என்னென்ன வரிகள் இருக்கலாம் என்று எழுதுகிறேன்.